சோஹாரா ஷார்ஜாவா என்று கேட்ட மகனுக்கு

என் செல்ல மகனே,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாளை மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே ஒரு கேள்வி கேட்டாய். "சோஹாரா ஷார்ஜாவா, நீயே சொல்லும்மா. எனக்கு எதுன்னாலும் ஓகே." கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் கை கழுவப் போய்விட்டாய். தொட்டுக்கொள்ள அப்பளமா வடகமா என்று கேட்கிற தோரணை. சோஹார் என்றால் வேலை: தண்ணீர் பாட்டிலும் பழச்சாறும் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கம்பெனியில் மார்க்கெட்டிங் அசிஸ்டன்ட், ஓமான் விசா, கம்பெனி ரூம். ஷார்ஜா என்றால் படிப்பு: இப்போது நீ முடித்திருக்கிற இரண்டு வருஷத்தை அப்படியே கணக்கில் எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு வருஷத்தில் முழு டிகிரி தருகிற காலேஜ், என் விசா, துபாய் அல் குசைஸில் நாம் இருக்கிற இதே ரூம், என் கைச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும், சோஹார் என்றால் அன்றைக்கே பஸ் ஏறியாக வேண்டும். ஊரில் படகும் வலையுமாக இருக்கிற உன் அப்பாவுக்குப் போன் போட்டேன். "ஒன் மகன், ஒன் இஷ்டம்" என்று நைசாகக் கழன்றுகொண்டார். ஆக, உன் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்புவது என்கிற விஷயம் கடைசியில் என் வாயில் வந்து நிற்கிறது.

நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நேரில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் நீ இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாய். அங்கே எனக்குக் கால் தரிக்காது. டாக்டரோடு பேசுகிற இங்கிலீஷ் வேறு, பெற்ற பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிற இங்கிலீஷ் வேறு. அதனால் தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். மெதுவாக வாசி, அதுவும் நல்லதுதான். வேகமாக வாசித்தால் கடைசி வரிக்கு ஓடிப் பதிலை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

முதலில் இந்தப் படிப்பு நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீ பிளஸ் டூ முடித்த கோடையில் விசா புதுப்பிக்க டைப்பிங் சென்டருக்குப் போனோம், ஞாபகம் இருக்கும். அங்கே இருந்த மலையாளி உன் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பிறந்த தேதியில் விரலை வைத்துக்கொண்டு, "சிஸ்டரே, மோனு பதினெட்டு ஆயி. படிக்குந்நுண்டு எந்நு காலேஜ் பேப்பர் வேணம். இல்லெங்கில் நாட்டில் விடணும்" என்றார். பெண்பிள்ளையாக இருந்தால் கல்யாணம் ஆகும் வரைக்கும் என் விசாவில் வைத்துக்கொள்ளலாமாம். ஆண்பிள்ளை என்றால் படிக்க வேண்டும், இல்லையென்றால் வேலை பார்க்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் விமானம் ஏற வேண்டும். அன்றைக்கு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது உனக்கு எது பிடிக்கும், நீ என்னவாக ஆசைப்படுகிறாய் என்று எதையும் நான் கேட்கவில்லை. எந்தக் காலேஜில் உடனே பேப்பர் தருவார்கள் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது. நமக்குக் கட்டுப்படியான காலேஜில் இடம் இருந்த ஒரே படிப்பு இந்த மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட் அசோசியேட் டிகிரி. துணிக்கடையில் கடைசியாக மிச்சமிருக்கிற சட்டையைப் போட்டுப் பார்த்து அளவு சரியாக இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொள்வோமே, அப்படித்தான் சேர்த்துவிட்டேன்.

உன் அப்பாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. "அசோசியேட்டுன்னா என்னட்டி? டிகிரியா, டிப்ளமாவா? பாதி வெந்த சோறா?" என்றார். நாலு வருஷப் படிப்பில் முதல் பாதி, ஆனால் அதுவே தனியாக ஒரு பட்டம் என்றேன். அதில் என்ன சொல்லித்தருவார்கள் என்று அடுத்த கேள்வி. ஒரு பொருளை யார் வாங்குவார்கள், ஏன் வாங்குவார்கள், எப்படி வாங்க வைப்பது என்று சொல்லித்தருவார்கள் என்றேன். "இதுக்கு எதுக்கு காலேஜு? நம்ம கடப்புறத்துல மீன் ஏலம் விடுகவன்கிட்ட ஒரு மாசம் நிப்பாட்டினா போதாதா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் உன் புத்தகத்தை முதன்முதலாகக் கையில் எடுத்தேன்.

எடுத்த பிறகு கீழே வைக்க முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. நீ அதைப் பரீட்சைக்கு மட்டும் திறப்பாய். நானோ நர்ஸ் வேலைக்குச் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் கிளினிக்குக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசித்தேன். மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த காலம். டிராபிக்கில் பஸ் நின்று நின்று போனதால் ஒரு பயணத்துக்கு ஒரு அத்தியாயம் தாராளமாக முடிந்தது. பாதி வார்த்தை புரியாது, உன்னைத்தான் பிடித்து உலுக்குவேன். "அம்மா, எனக்கே தெரியாது, இது சிலபஸ்ல இல்ல" என்று நழுவுவாய். இருபது வருஷமாக நோயாளிகளைப் பார்க்கிறேன், இந்த மாத்திரையை இவர் ஏன் விழுங்குகிறார், அவர் ஏன் துப்புகிறார் என்று யோசித்தது உண்டு. அதற்கென்று ஒரு படிப்பே இருக்கிறது, அதற்குப் புத்தகம் போட்டு விற்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தக் காலத்து வெள்ளிக்கிழமைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. இங்கே லீவு நாள் அதுதானே, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பெரிய கடைக்குப் போவோம். சாமான் வாங்க அல்ல, சாமான் வாங்குகிறவர்களைப் பார்க்க. பால்பவுடர் வரிசையில் ஒருவர் டின்னைக் காதருகே வைத்துக் குலுக்கினார், மூடியை அழுத்திப் பார்த்தார், கீழே வைத்தார், இன்னொன்றை எடுத்து அதையும் அழுத்தினார். கடைசியில் ஊருக்குப் போன் போட்டார். "ஏய், போன தடவ புளி போட்டு வச்சியே, அந்த மூடியா? இல்ல அரிசிமாவு வச்சிருக்கியே, அதுவா?" அவர் பாலையே வாங்கவில்லை, டின்னைத்தான் வாங்கினார். பவுடர் தீர்ந்த பிறகு வருஷக்கணக்காக அந்த வீட்டு அடுக்களையில் இருக்கப்போவது டின்தானே. நீ உடனே ஒரு துண்டுச்சீட்டில் கிறுக்கினாய். நான் அவர் பின்னாலேயே சோப்பு வரிசைக்கும் போனேன். சற்று நேரத்தில் திரும்பிப் பார்த்தால் நம் பின்னால் ஒரு செக்யூரிட்டி நடந்து வருகிறார். "இது அப்சர்வேஷன், இது ஒரு மெத்தட்" என்று நீ அவருக்கு விளக்க, அவர் நம் பையைத் திறக்கச் சொன்னார். வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஆனால் ஒன்று சொல்கிறேன், நாளைக்கு நீ எந்த ஊர்க் கடையில் நின்றாலும் கையைப் பார், மக்கா. வாய் சொல்வதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசி செமஸ்டரில் உன் எகிப்துக்கார வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார். மக்கள் கையில் இருந்தும் பயன்படுத்தாத ஏதாவது ஒரு பொருளை எடு, அதைப் பயன்படுத்த வை, எப்படிச் செய்தாய் என்று வந்து சொல். அதில் தேறாவிட்டால் அந்த செமஸ்டர் போச்சு. செமஸ்டர் போனால் காலேஜ் பேப்பர் கிடைக்காது. பேப்பர் இல்லையென்றால் விசா இல்லை. நீ ஹேர் டிரையர், எக்ஸர்சைஸ் மெஷின் என்று என்னவோ யோசித்தாய். நான்தான் எங்கள் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைச் சொன்னேன். வெயில் காலத்தில் வேர்த்து உப்பெல்லாம் வெளியேறி, கெண்டைக்கால் சுண்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பது. தண்ணீரில் கரைத்துக் குடித்தால் போதும், ஆரஞ்சு வாசனை, வாய்க்கும் நன்றாகத்தான் இருக்கும். வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் அதே இழுப்போடு வருவார்கள். "குடிச்சீங்களா?" என்று கேட்டால் "குடிச்சேன் சிஸ்டர்" என்பார்கள். குடித்தவர் உதடு அப்படி வெடித்திருக்காது.

அவர்களில் ஒருவர் ஏழுமலை. கள்ளக்குறிச்சிப் பக்கம், கட்டடத்தில் கம்பி கட்டுகிற வேலை. அதிகம் பேசமாட்டார். நீ தமிழிலும் இந்தியிலும் கேள்வித்தாள் அடித்துக்கொண்டு முதல் நாள் கேம்புக்கு வந்தபோது உனக்குப் பதில் சொன்ன முதல் ஆள் அவர்தான். பொடி எப்படி இருக்கிறது? நல்லாயிருக்கு. தினமும் குடிக்கிறீர்களா? குடிக்கிறேன். ஏதாவது குறை? ஒண்ணும் இல்ல. மெஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அதே மாதிரி நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். நீ பூரித்துப்போனாய். நான் அப்போதே சொன்னேன், இங்கே கையில் பேப்பரும் பேனாவுமாக வருகிறவன் ஆபீஸ் ஆள். சாப்பாடு எப்படி என்று ஆபீஸ் கேட்டால் நல்லாயிருக்கு என்பதுதான் சொல்லிப் பழகின பதில். வேறு சொன்னவனுக்கு என்ன ஆச்சு என்று அவர்களுக்குத் தெரியும். நீ கேட்கவில்லை. "அம்மா, டேட்டா இஸ் டேட்டா" என்றாய்.

பிறகு நீ போஸ்டர் செய்தாய். அதை எப்படி மறப்பேன்? பிளந்து வைத்த பெரிய ஆரஞ்சு, பக்கத்தில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு குழந்தை. கிளினிக் வாசலிலும் மெஸ்ஸிலும் ஒட்டினாய். பொட்டலத்தின் மேலும் அதே படத்தைச் சின்ன ஸ்டிக்கராக நானும் நீயும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒட்டினோம். அந்த வாரம் கிளினிக்கில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு நோவும் இல்லாதவர்கள்கூட வந்து, "சிஸ்டர், அந்த ஆரஞ்சு ஒண்ணு குடுங்க" என்று கேட்டார்கள். ஒருவர் தம்பிக்கு என்றும் மற்றவர் ரூம்காரருக்கு என்றும் சேர்த்து வாங்கிப் போனார்கள். நீ வீட்டில் கோடு வரைந்து காட்டினாய், அது மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை. என் பிள்ளை படித்த படிப்பு கண்ணெதிரே வேலை செய்கிறது என்று பெருமையாக இருந்தது. உன் அப்பாவுக்குப் போன் போட்டு, அவர் சொன்ன அந்த மீன் ஏலக்காரரை ஒரு வாங்கு வாங்கினேன்.

அடுத்த வாரம் மத்தியானம் ஏழுமலையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கை விரல் மடங்கி விறைத்திருந்தது, வாந்தி, கண் சொருகல். டாக்டர் டிரிப் ஏற்றினார். இன்னும் தாமதமாகியிருந்தால் கிட்னியில் போய் முடிந்திருக்கும் என்றார். மயக்கம் தெளிந்ததும் நான் சத்தம் போட்டேன். அத்தனை பொட்டலம் வாங்கிட்டுப் போனீங்களே, குடிச்சீங்களா இல்லையா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "குடிச்சேன் சிஸ்டர்" என்றுதான் அப்போதும் சொன்னார். உன்னிடம் வந்து சொன்னேன். நீ வரைந்த கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். எத்தனை போகிறது என்று வரைந்திருக்கிறோம், எத்தனை வயிற்றுக்குள் போகிறது என்று வரையவில்லையே என்றாய். அன்றைக்குத்தான் உனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை பூசைக்குக்கூட வராமல் பேப்பர், பேனா எதுவும் எடுக்காமல் அவர் ரூமுக்குப் போனாய்.

அங்கே அவர் லீவுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கேம்பில் பெட்டி கட்டுவது என்பது ஒரு திருவிழா. ஊருக்குப் போகிறவருக்கு ஒரு அட்டைப்பெட்டி, ஆனால் அந்த ரூமில் இருக்கிற எல்லோருக்கும் அதில் கை உண்டு. ஒருவர் அமுக்குவார், ஒருவர் டேப் ஒட்டுவார், ஒருவர் கயிறு இறுக்குவார், எழுத்து நன்றாக இருக்கிறவர் பெயர் எழுதுவார். எடை பார்க்க எங்கள் கிளினிக் மெஷினுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நீயும் கயிற்றைப் பிடிக்க உட்கார்ந்திருக்கிறாய். துண்டு, சோப்பு, தைலம், செண்டு, அவற்றின் இடையில் ஒன்றின்மேல் ஒன்றாக அழகாக அடுக்கி நம் ஆரஞ்சுப் பொட்டலங்கள். நாம் ஒட்டிய ஸ்டிக்கர் குழந்தைகள் எல்லாம் மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனவாம். "இது எதுக்குண்ணே?" என்று நீ கேட்டிருக்கிறாய். "புள்ளைங்களுக்குத் தம்பி. ஃபாரின் ஜூஸு. நீ ஒட்டுன படத்துலயே கொழந்த குடிக்குது பாரு" என்று அவர் சொல்லியிருக்கிறார். ரூமில் இருந்த மற்றவர்களும் சிரித்துக்கொண்டே கட்டிலுக்கடியில் இருந்த தங்கள் தங்கள் பெட்டியைக் காட்டினார்களாம்.

நீ வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "சாப்பிடல்லியா மக்கா?" என்றேன். "அம்மா, நான் மருந்த கிஃப்ட் ஆக்கிட்டேன்" என்றாய். பொடி நன்றாக இல்லை என்பதால் அவர்கள் குடிக்காமல் இல்லை. நன்றாக இருந்ததால்தான் குடிக்கவில்லை. நல்லது எது கையில் கிடைத்தாலும் அது பெட்டிக்குள் போக வேண்டியது என்று ஆகிவிட்ட மனிதர்கள். நாமோ அதை இன்னும் நல்லதாகக் காட்டி இன்னும் ஆழமாகப் பெட்டிக்குள் தள்ளிவிட்டோம். என்ன செய்யலாம் என்று நாம் போட்ட சண்டை பக்கத்து ரூம்காரர்களுக்கும் கேட்டிருக்கும். விளக்கிச் சொல்லலாம் என்றேன் நான். விளக்கினால் மறுபடியும் "சரி சிஸ்டர்" என்பார்கள் என்றாய் நீ. கடைசியில் நீதான் அந்த யோசனையைச் சொன்னாய்: கொடுக்கும்போதே பொட்டலத்தின் மூலையைக் கத்தரித்துக் கொடுத்துவிடு. பிரித்த பொட்டலத்தை யாரும் ஊருக்குக் கொண்டுபோக மாட்டார்கள். எனக்கு மனசே வரவில்லை. பிள்ளைகளுக்கு என்று வைத்திருப்பதைப் பிடுங்குவது போல இருந்தது. "அந்தப் புள்ளைங்களோட அப்பா நல்லா இருந்தாத்தானம்மா பெட்டி போகும்" என்றாய். மறுநாள் போஸ்டரைக் கிழித்தோம், மேசைமேல் கத்தரிக்கோல் வைத்தேன். முகம் சுளித்தார்கள், ஒருவர் என்னைக் கஞ்சச் சிஸ்டர் என்றுகூடச் சொன்னார். ஆனால் அங்கேயே நின்று கரைத்துக் குடித்துவிட்டுப் போனார்கள். ஊருக்குக் கிளம்புமுன் ஏழுமலையும் குடித்தார். குடித்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்குது" என்று முதல்முறை ருசி பார்த்தவர் மாதிரிச் சொன்னார்.

நீ அதைக் காலேஜில் எடுத்துச்சொன்ன அன்றைக்கு நான் டியூட்டி உடுப்போடே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் கையில் ஜெபமாலை இருந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். நீ தேற வேண்டும், பேப்பர் வர வேண்டும், விசா அடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஜெபம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் விற்பனை ஏறியதைக் காட்டினார்கள். நீ, போஸ்டரைக் கிழித்த பிறகு பொட்டலம் வாங்கிப் போகிறவர்களின் கோடு சடசடவென்று இறங்கி, குடிக்கிறவர்கள் மட்டும் மிஞ்சியதைக் காட்டினாய். எகிப்துக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கெட்டைக் கெடுத்துக் கொடுப்பதற்கா உனக்கு இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தேன்? இதில் மார்க்கெட்டிங் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நீயோ, வாங்குகிறவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு என்று நீங்கள்தான் சார் சொல்லிக்கொடுத்தீர்கள், இங்கே இரண்டும் ஒரே ஆள் என்று நான் நினைத்துவிட்டேன், அவர் கையில் வாங்கும்போதே அது அவருடையது இல்லை என்று தெரிய எனக்கு ஒரு மனிதர் விழ வேண்டியிருந்தது என்றாய். அவர் மூலை வெட்டிய பொட்டலம் ஒன்றைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவர்கள் வேறு எதையெல்லாம் இப்படிச் சேர்க்கிறார்கள் என்று உன்னைக் கேட்க ஆரம்பித்தார். நீ சொல்லச் சொல்ல, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக விசா என் நினைவில் இல்லை. இந்தப் பையனுக்கு இது பிடித்திருக்கிறது, நான் கடைசிச் சட்டையை மாட்டிவிட்டேன், அது இவன் உடம்போடு ஒட்டிவிட்டது என்று நினைத்தேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சோஹாரா ஷார்ஜாவா என்று என்னைக் கேட்பது கேம்பில் நீ நீட்டிய அந்தக் கேள்வித்தாளுக்குச் சமம். நீ கேட்டால் நான் என்ன சொல்வேன்? எதுவானாலும் எனக்குச் சந்தோஷம் என்பேன். நீயும் எதுவானாலும் ஓகே என்கிறாய். இரண்டுமே நல்லாயிருக்கு, நல்லாயிருக்குதான். அதனால் இந்த நான்கு நாளாக நான் உன்னைக் கேட்கவில்லை, பார்த்தேன். ஷார்ஜா காலேஜ் புத்தகத்தின்மேல் சாயா கிளாஸ் வைத்து வட்டம் வட்டமாகக் கறையாக்கியிருக்கிறாய். சோஹார் கம்பெனியின் பேப்பரை அயர்ன் பண்ணிய சட்டையோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருக்கிறாய். ஓமானுக்கு லாரி ஓட்டுகிற கீழ்வீட்டு பலூச்சி டிரைவரைப் பிடித்துக்கொண்டு சோஹார் பஜாரில் எத்தனை மணிக்குக் கடை திறப்பார்கள், அங்கே கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் எங்கே சாமான் வாங்குவார்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறாய். நேற்று மளிகைக்கடையில் அடித்தட்டில் இருந்த பழச்சாறு பாட்டில்களைக் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பி முகப்பு வெளியே தெரிகிற மாதிரி வைத்தாய். அந்தக் கடைக்காரர் உனக்குச் சம்பளம் தருகிறாரா?

என்னையும் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாய் எதுவானாலும் சந்தோஷம் என்றது. ஆனால் புதன்கிழமை போய் உன் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி வந்தேன். ஷார்ஜாவுக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். கோயிலில் கேட்டவர்களிடம் பையன் மேலே படிக்கிறான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலே. எனக்கு நீ போக வேண்டாம் என்றுதான் இருக்கிறது. கடிதத்தில் எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீ போனால் டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே டிவி சத்தம் இருக்காது. அதை நினைத்தாலே கிளினிக்கிலேயே இன்னொரு ஷிப்ட் இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. அதனால் என்னைக் கேட்காதே. கேட்டால் நான் உன்னை மறுபடியும் என் விசாவில் மடித்து வைத்துக்கொள்வேன், அதற்கு ஆயிரம் நல்ல காரணமும் சொல்வேன். அந்தக் காரணங்கள் உனக்குச் சரியாகவும் படும்.

முழு டிகிரியை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த இரண்டு வருஷம் எங்கேயும் ஓடிப்போகாது, வேலை பார்த்துக்கொண்டே முடிப்பவர்கள் எத்தனையோ பேர். ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் அப்பாவுக்குப் போன் போடு, ஏலத்தில் அன்றைக்கு என்ன மீன் என்ன விலைக்குப் போனது, ஏன் போனது என்று கேள். அவருக்கு அதில் தெரியாதது இல்லை, அவரைக் கேட்க ஆள்தான் இல்லை. அங்கே யாராவது உன்னிடம் எல்லாம் நல்லாயிருக்கு என்றால் அவர் உதட்டைப் பார். நீயும் போனில் என்னிடம் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்வாய், எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன், பதில் சொல்வதில் தடுமாறினால் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

எங்கள் கிளினிக்கில் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு புது நர்ஸ் சேர்ந்திருக்கிறாள். இருபத்து மூன்று வயது இருக்கும், ஒரு கட்டில் அளவுக்கு இடம் கிடைத்தால் போதும் என்று ஒரு மாதமாக அலைகிறாள். நேற்று நீ வெளியே போயிருந்தபோது கூட்டிக்கொண்டு வந்து உன் கட்டிலைக் காட்டினேன். மெத்தையை அழுத்திப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து பார்த்தாள், "எப்ப ஒழியும்க்கா?" என்று கேட்டாள். சொன்னேன். அட்வான்ஸும் கையில் வாங்கிவிட்டேன், இனி நான் நினைத்தாலும் மாற்ற முடியாது. அவள் போன பிறகு உன் தலையணை உறையைக் கழற்றினேன். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு அதைத் துவைத்துக் காயப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் பெட்டியோடு வந்துவிடுவாள். அதற்குள் உன் சாமான்களை எடுத்துவிடு மக்கா.

உன் அம்மா